ஊசி போடாமல் பல் மரத்துப்போகுமா?

"ஒழுங்கா சாப்பிடு... இல்லேன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லிடுவேன்!"

இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்நாட்டுக் குழந்தை அபூர்வம். சோறு இறங்காவிட்டாலும் ஊசி, தூங்க மறுத்தாலும் ஊசி, ஸ்கூலுக்குப் போக அடம்பிடித்தாலும் ஊசி. இப்படி வருஷக்கணக்கில் மிரட்டிய அதே பெற்றோர்தான், ஒருநாள் கன்னம் வீங்கி அழும் பிள்ளையைப் பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரவைத்து, "ஊசியெல்லாம் போட மாட்டாங்கடா செல்லம்" என்று சமாதானம் சொல்கிறார்கள். ஐந்தே நிமிடத்தில் ஊசி வருகிறது. பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்கிறது. அப்பா கையைப் பிடிக்க, அம்மா காலைப் பிடிக்க, அன்றைய சிகிச்சை எப்படியோ முடிகிறது. அடுத்த முறை அந்தத் தெருப் பக்கம் வண்டி திரும்பினாலே அழுகை ஆரம்பித்துவிடும்.

இந்தப் பெற்றோரைத்தான் 'ஊசியில்லா பல் சிகிச்சை' என்ற விளம்பரங்கள் குறிவைக்கின்றன. மொபைலில் ஓடும் வீடியோவில் பேனா மாதிரி ஒரு கருவி, 'டப்' என்று ஒரு சத்தம், சிரிக்கும் குழந்தை. அவ்வளவுதான், பல் மரத்துவிட்டது என்கிறார்கள். கருவி உண்மை. அது வேலை செய்வதும் உண்மை. ஆனால் எந்தப் பல்லுக்கு, எந்தச் சிகிச்சைக்கு, எந்த வயதுக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, உலகம் முழுக்க 51.4 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பல்லில் சொத்தை இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்வாளர்கள், சுமார் 9 சதவீதக் குழந்தைகளுக்குப் பல் சிகிச்சை மீது பயம் இருப்பதாக 2007-ல் எழுதினார்கள். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். பயந்த பிள்ளை டாக்டரிடம் வருவதில்லை. வராத பிள்ளையின் சொத்தை ஆழமாகிறது. ஆழமான சொத்தைக்கு ஊசி இல்லாமல் முடிவதில்லை. அந்த ஊசி பயத்தை இரட்டிப்பாக்குகிறது.

வலி எங்கிருந்து வருகிறது?

பல்லை மரக்கவைக்கும் மருந்தின் கதை 1884-ல் தொடங்குகிறது. கொகெயின் கரைசல் கண்ணை மரக்கச் செய்யும் என்று வியன்னா மருத்துவர் கார்ல் கொல்லர் அந்த ஆண்டு காட்டினார். சில மாதங்களுக்குள் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அதே மருந்தை ஊசியில் ஏற்றி, கீழ்த்தாடை நரம்பின் அருகே செலுத்தினார். கொகெயின் போதைக்கு அடிமையாக்கும் என்பது புரிந்த பிறகு மாற்று தேடினார்கள். 1943-ல் ஸ்வீடனின் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கிய லிடோகெயின், இன்றுவரை உலகெங்கும் பல் மருத்துவர்களின் கையில் இருக்கிறது. நம்மூரில் அதை லிக்னோகெயின் என்போம்.

வலியைச் சுமந்து செல்லும் நரம்பிழையில் சோடியம் நுழையும் வாசல்களை இந்த மருந்து அடைத்துவிடும். வாசல் அடைபட்டால் வலிச் செய்தி மூளைக்கு நகராது. ஆனால் மருந்து நரம்பு வரை போய்ச் சேர வேண்டும். ஈறின்மேல் ஜெல்லாகத் தடவினால் 2, 3 மில்லிமீட்டர்தான் ஊறும். பல்லுக்குப் போகும் நரம்போ எலும்புக்குள் ஓடுகிறது. இந்த இடைவெளியைக் கடக்கத்தான் ஊசி தேவைப்பட்டது.

ஊசி குத்தும் வலி நாம் நினைப்பதைவிடச் சிறியது. மருந்து வேகமாகத் திசுவுக்குள் பிதுங்கும்போதுதான் பெரிய வலி. அட்ரினலின் கலந்த மருந்து அமிலத்தன்மை கொண்டது; அந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். மேலண்ணத்தில் சதை எலும்போடு ஒட்டிக் கிடப்பதால், அங்கே ஒரு சொட்டு மருந்துக்குக்கூட இடமில்லை. பெரியவர்களே அங்கு ஊசி என்றால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நிமிடத்துக்கு ஒரு மில்லிக்கு மேல் போகாமல் மெதுவாகச் செலுத்தினால் வலி நன்றாகக் குறையும். 1997-ல் அமெரிக்காவில் வந்த 'தி வாண்ட்' என்ற கருவியில், மருந்து இறங்கும் வேகத்தைக் கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்கிறது. ஊசி அதிலும் உண்டு.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல கிளினிக்குகளில் 30 மில்லி பாட்டிலிலிருந்து சாதாரண டிஸ்போசபிள் சிரிஞ்சில்தான் மருந்தை எடுத்துப் போடுகிறார்கள். அதோடு வரும் ஊசி பெரும்பாலும் 24 அல்லது 26 கேஜ். கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் தடிமன். பல் சிகிச்சைக்கென்றே உள்ள கார்ட்ரிட்ஜ் சிரிஞ்சில் 30 கேஜ் ஊசி போடலாம். அதன் தடிமன் 0.3 மில்லிமீட்டர். ஊசியில்லாக் கருவியைத் தேடி அலையும் முன், மெல்லிய ஊசி இருக்கிறதா என்று கேட்பது சுலபம், செலவும் குறைவு.

துப்பாக்கியிலிருந்து பேனாவுக்கு

குழாயில் தண்ணீர் வரும்போது வாயை விரலால் அழுத்தினால் சர்ரென்று பீய்ச்சி அடிக்குமே, ஊசியில்லாக் கருவியின், அதாவது ஜெட் கருவியின், தத்துவம் அதுதான். உள்ளே ஒரு ஸ்பிரிங் அல்லது அழுத்தப்பட்ட வாயு. பட்டனைத் தட்டியதும் அது மருந்தைத் தள்ள, 0.2 மில்லிமீட்டருக்கும் குறுகிய துளை வழியே மருந்து கம்பி மாதிரி வெளியேறி, சதையைத் துளைத்து உள்ளே போய்ப் பரவும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இந்த யோசனைக்கு 150 வயது தாண்டிவிட்டது. 1866-லேயே பாரிஸ் மருத்துவ அகாடமியில் இப்படி ஒரு கருவியைக் காட்டினார்கள். 1940-களில் அமெரிக்காவின் ராபர்ட் ஹிங்சன் இதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். பெரியம்மை ஒழிப்புப் பணியில் மேற்கு ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் வரிசையில் நின்றவர்களுக்குத் தடுப்பூசி போட்டது காலால் மிதித்து இயக்கிய 'பெட்-ஓ-ஜெட்' துப்பாக்கி. பிறகு சறுக்கல் வந்தது. 1980-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் ஒரு எடைக்குறைப்பு கிளினிக்கில், ஒரே ஜெட் துப்பாக்கியைப் பலருக்குப் பயன்படுத்தியதால் ஹெபடைட்டிஸ்-பி பரவியது கண்டறியப்பட்டது. முனையில் தெறித்த ரத்தம் அடுத்தவர் உடலுக்குள் போயிருந்தது. 1997-ல் அமெரிக்க ராணுவமும் அந்தத் துப்பாக்கிகளைக் கைவிட்டது.

அந்த அனுபவத்துக்குப் பின் வந்த கருவிகளில், மருந்து நிரப்பும் குப்பியும் முனையும் ஒருவருக்கு ஒருமுறைதான். கொரோனா காலத்தில் ஜைடஸ் நிறுவனத்தின் 'சைகோவ்-டி' தடுப்பு மருந்து ஊசியில்லாமல் செலுத்தப்பட்டது நினைவிருக்கலாம். 2021-ல் அனுமதி பெற்ற அதை முதலில் அறிமுகப்படுத்த மத்திய அரசு தேர்ந்தெடுத்த 7 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கையில் செலுத்திய அதே தொழில்நுட்பத்தின் தம்பிகள்தான் பல் கிளினிக்கில் இருக்கும் 'இன்ஜெக்ஸ்', 'கம்ஃபர்ட்-இன்' போன்றவை.

மேல்தாடை சம்மதிக்கும், கீழ்த்தாடை மறுக்கும்

கை வேறு, வாய் வேறு. பல்லின் வேர்நுனிக்கு வெளியே இருக்கும் எலும்பை ஊடுருவி மருந்து உள்ளே கசிய வேண்டும். மேல்தாடையின் வெளிப்புற எலும்பு மெல்லியது, நுண்துளைகள் உள்ளது. குழந்தைகளுக்கு இன்னும் மெல்லியது. அதனால் மேல் முன்பற்கள், மேல் பால்பற்கள் ஆகியவற்றுக்கு ஜெட் கருவி கைகொடுக்க வாய்ப்பு அதிகம். ஆடிக்கொண்டிருக்கும் பால்பல்லை எடுக்க, சின்னச் சொத்தையை அடைக்க, ஈறு விளிம்பில் வேலை செய்ய அது போதும்.

கீழ்க் கடைவாயில் கதை மாறுகிறது. அங்கே எலும்பு தடித்தது. முழுமையாக மரக்க வேண்டுமென்றால், தாடை எலும்பின் உட்புறத்தில் நரம்பு நுழையும் துளைக்கு அருகே மருந்தை வைக்க வேண்டும். மேலே இருந்து பீய்ச்சும் எந்தக் கருவியாலும் அந்த ஆழத்தைக் குறிபார்த்து அடைய முடியாது. குழந்தைகளிடம் ஆழமான சொத்தை அதிகம் வருவதும், வேர் சிகிச்சை தேவைப்படுவதும் பெரும்பாலும் கடைவாய்ப் பற்களில்தான். ஊசி மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் ஊசியில்லாக் கருவி பலவீனமாக இருக்கிறது. விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இதை.

அளவும் ஒரு தடை. ஜெட் கருவி ஒருமுறைக்குச் செலுத்துவது ஒரு மில்லியில் ஒரு பகுதிதான். வழக்கமான கார்ட்ரிட்ஜில் இருப்பது 1.8 மில்லி. மருந்து குறைவு என்பதால் உதடும் கன்னமும் மரப்பது குறையும் என்பது ஒரு நன்மை. மரத்த உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. ஆனால் அரை மணி நேர வேலைக்கு அந்தக் கொஞ்சம் மருந்து பல சமயம் போதாது.

பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள்?

ஊசியா, ஊசியில்லாக் கருவியா என்று பிள்ளைகளிடமே கேட்டால்? கிரீஸில் அப்படிக் கேட்டார்கள். 4 முதல் 11 வயது வரையிலான 87 குழந்தைகள். ஒவ்வொருவருக்கும் ஒருமுறை இன்ஜெக்ஸ், ஒருமுறை வழக்கமான ஊசி. 2010-ல் வெளியான முடிவு கருவி விற்பவர்களுக்கு இனிக்கவில்லை. ஏறக்குறைய முக்கால்வாசிப் பிள்ளைகள் ஊசியே பரவாயில்லை என்றார்கள். கருவி பயன்படுத்தியபோது 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கூடுதல் மருந்து தேவைப்பட்டது. ஊசி போட்டபோது அப்படித் தேவைப்பட்டவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு.

காரணம் புரியாதது அல்ல. 'டப்' சத்தம், ஈறில் விழும் திடீர் அடி, நாக்கில் தெறிக்கும் மருந்தின் கசப்பு, சில சமயம் ரத்தக் கசிவு. ஊசி கண்ணில் படாவிட்டாலும் பிள்ளை திடுக்கிட இவை போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பயமில்லாத பிள்ளைகள். ஊசியைப் பார்த்தாலே நடுங்கும் பிள்ளைக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது. பின்னர் வந்த வேறு சில ஆய்வுகளில், மருந்து செலுத்தும் நொடியில் பயம் குறைந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2020-ல், குழந்தைகள் பல் ஊசியை ஏற்கவைக்கும் பல்வேறு வழிகள் குறித்த 26 ஆய்வுகளை எடைபோட்டது. இதுதான் சிறந்த வழி என்று எதையும் கைகாட்டப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் தீர்ப்பு.

ஸ்ப்ரே, ஜெல், சிரிப்பு வாயு

மூக்கில் அடித்தால் மேல்பல் மரத்துப்போகும் ஸ்ப்ரே ஒன்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் அனுமதி தந்தது. பெயர் 'கோவனேஸ்'. மேல்முன்பற்களுக்கான நரம்பு மூக்கின் அடித்தளத்துக்கு மிக அருகில் ஓடுவதைப் பயன்படுத்திக்கொண்ட புத்திசாலித்தனமான யோசனை. நிபந்தனை என்ன தெரியுமா? 40 கிலோவுக்குக் குறையாத எடை. பால்பல் சொத்தையோடு வரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதில் இடமில்லை.

ஈறில் தடவும் மரப்பு ஜெல் நல்ல துணை. ஈறை நன்றாகத் துடைத்து உலரவைத்து, ஜெல் தடவி ஓரிரு நிமிடம் காத்திருந்தால் ஊசி நுழைவதே தெரியாது. அவசரத்தில் தடவி உடனே குத்தினால் ஜெல் வீண். ஆனால் பல் முளைக்கும் குழந்தைக்குக் கடையில் வாங்கித் தடவும் பென்சோகெயின் ஜெல் வேறு விஷயம். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும் அபாயம் இருப்பதால், 2 வயதுக்குக் கீழே அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதே அமெரிக்க அமைப்பு 2018-ல் எச்சரித்தது.

பயம் அதிகமுள்ள பிள்ளைக்கு நைட்ரஸ் ஆக்ஸைடு, அதாவது சிரிப்பு வாயு, பல நேரம் ஜெட் கருவியைவிட உதவும். 1844-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் தன் பல்லையே இந்த வாயுவின் துணையோடு பிடுங்கவைத்துக்கொண்டார். இன்று ஆக்ஸிஜனோடு கலந்து, சின்ன மூக்கு மாஸ்க் வழியே தருகிறார்கள். பிள்ளை தூங்காது, கேட்டால் பதில் சொல்லும், பதற்றம் மட்டும் இறங்கிவிடும். முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தால் வாயுவின் தாக்கம் போய்விடும். சளி பிடித்து மூக்கடைத்த பிள்ளைக்கு இது பலிக்காது. பல்லை மரக்கவைக்கும் மருந்துக்கு இது மாற்றும் அல்ல. அந்த மருந்தைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள உதவும்.

மரக்கவே வேண்டாத வழிகள்

ஊசி இல்லாத சிகிச்சை என்று தேடும் பெற்றோர் முதலில் விசாரிக்க வேண்டியது இவற்றைத்தான்.

'எஸ்.டி.எஃப்.' என்கிற வெள்ளி டயமின் ஃபுளூரைடு: சொத்தை மேல் ஒரு சொட்டைத் தொட்டுத் தடவினால் கிருமி ஒடுங்கி, சொத்தை மேலும் பரவாமல் நிற்கும். குடைய வேண்டாம், மரக்க வேண்டாம். தடவிய சொத்தை கறுத்துவிடும் என்பதுதான் குறை. கடைவாயில் யார் பார்க்கப்போகிறார்கள்! உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

பப்பாளி ஜெல்: பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் என்ற நொதி, அழுகிய பல்திசுவை மட்டும் இளக்கும். அதை மொண்ணையான கருவியால் வழித்தெடுத்து அடைத்துவிடலாம். 2003-ல் பிரேசிலில் 'பப்பாகேரி' வந்தது. பிறகு சென்னை நிறுவனம் ஒன்று 'கேரி கேர்' என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. டிரில் சத்தம் இல்லை. நேரம் சற்றுக் கூடுதலாகும்.

ஹால் முறை: ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹால் பெயரில் வழங்குவது. சொத்தையைக் குடையாமல், ஊசி போடாமல், பால்பல்லின்மேல் ஸ்டீல் கேப்பை அழுத்திப் பொருத்திவிடுவார்கள். உள்ளே அடைபட்ட கிருமிக்கு உணவு கிடைக்காது. அதே ஸ்காட்லாந்தில் 132 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், ஒரு பல்லில் ஹால் முறையும் இன்னொரு பல்லில் வழக்கமான அடைப்பும் செய்து பார்த்தார்கள். 77 சதவீதப் பிள்ளைகள் ஹால் முறையே பிடித்திருந்தது என்றார்கள். ஐந்து ஆண்டு கழித்தும் சீழ், கடும் வலி போன்ற பெரிய தோல்விகள் ஹால் முறையில் 3 சதவீதம்தான். வழக்கமான சிகிச்சையில் 16.5 சதவீதம்.

மூன்றுக்கும் ஒரே நிபந்தனை. சொத்தை, பல்லின் நரம்பைத் தொட்டிருக்கக் கூடாது. இரவில் வலித்து எழுப்பும் பல்லுக்கும், ஈறில் சீழ்க்கட்டி வந்த பல்லுக்கும் இவை உதவாது.

வீட்டிலிருந்து கிளம்பும் பயம்

"விழப்போற பல்லுதானே" என்ற அலட்சியம்தான் பிள்ளையை ஊசியிடம் கொண்டுபோகிறது. பால் கடைவாய்ப் பற்கள் விழுவது 9 முதல் 12 வயதுக்குள். நாலு வயதில் வந்த சொத்தையோடு ஆறேழு வருடம் ஒரு பிள்ளை மெல்ல வேண்டும், தூங்க வேண்டும், படிக்க வேண்டும். முதல் பல் முளைத்ததும், அதிகபட்சம் ஒரு வயதுக்குள், ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறார்கள் குழந்தைப் பல் மருத்துவர்கள். அப்போது செய்ய எதுவும் இருக்காது. அதனால்தான் போக வேண்டும். வலி இல்லாத நாளில் பார்த்த நாற்காலி பிள்ளைக்குப் பயமாகத் தெரியாது.

நல்ல குழந்தைப் பல் மருத்துவர் எந்தக் கருவியையும் முதலில் சொல்வார், பிறகு காட்டுவார், அதன் பிறகே செய்வார். ஜெட் கருவி என்றால் அதன் 'டப்' சத்தத்தைக் காற்றில் கேட்கவைத்துவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோவார். "பல்லைத் தூங்கவைக்கப் போறோம்" என்பார். பெற்றோர் வீட்டில் செய்ய வேண்டியதும் இதுதான். "வலிக்கவே வலிக்காது" என்ற வாக்குறுதி வேண்டாம். "ஊசி" என்ற மிரட்டல் அறவே வேண்டாம்.

டாக்டரிடம் கேளுங்கள்

• இது எந்தப் பல்? மேலா, கீழா? இந்தப் பல்லுக்கு ஊசியில்லாக் கருவி போதுமா, பாதியில் ஊசி தேவைப்படுமா?

• கருவியின் முனையும் குப்பியும் என் பிள்ளைக்காகப் புதிதாகப் பிரிக்கப்பட்டவையா?

• எஸ்.டி.எஃப்., பப்பாளி ஜெல், ஹால் முறை இந்தப் பல்லுக்குப் பொருந்துமா?

• ஊசி போடுவதென்றால் ஜெல் தடவிக் காத்திருப்பீர்களா? மெல்லிய ஊசி இருக்கிறதா?

• பிள்ளையின் எடையைப் பார்த்து மருந்து அளவைக் கணக்கிட்டீர்களா? (லிக்னோகெயினுக்குக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் உச்சவரம்பு. 15 கிலோ பிள்ளைக்கு 66 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் அது 3.3 மில்லி. ஜெட்டில் போனதும் ஊசியில் போனதும் ஒரே கணக்கில் வரும்.)

• மரப்பு எத்தனை மணி நேரம் இருக்கும்? (அதுவரை பிள்ளை உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சூடாக எதுவும் தர வேண்டாம்.)

ஜெட் கருவி வேண்டாம் என்பதல்ல இதன் முடிவு. மேல்பல்லில் சின்ன வேலை, ஊசியைக் கண்டாலே உறையும் பிள்ளை, பொறுமையான டாக்டர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதற்குக் கொடுக்கும் பணம் நியாயமானது. கீழ்க் கடைவாயில் சீழோடு வந்த பிள்ளைக்கு "ஊசியே கிடையாது" என்று யாராவது உறுதி கொடுத்தால், இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

செலவைப் பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2013 முதல் நடக்கும் மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில், மருத்துவக் குழு பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வந்து இலவசமாகப் பார்க்கும் குறைபாடுகளில் பல் பிரச்சினையும் ஒன்று. பிள்ளையின் பையில் அந்தக் குழுவின் பரிந்துரைச் சீட்டு வந்தால் கிடப்பில் போடாதீர்கள். சொத்தை கறுப்புப் புள்ளியாக இருக்கும்போதே போய்விட்டால், ஊசி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது.